இரண்டு வருடக் கல்லூரியின் ஐந்து பட்டங்கள்

ஹூஸ்டன் தமிழர் வீடுகளில் பிள்ளைக்குக் கல்லூரி வயது நெருங்கினால் ரைஸ், ஆஸ்டின், ஏ அண்ட் எம் என்ற பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். சான் ஜசின்டோ என்று யாராவது வாய் திறந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அது 1961-இல் தொடங்கிய கம்யூனிட்டி காலேஜ். மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை, கட்டணமும் குறைவு. பக்கத்து எண்ணெய் ஆலைகளில் வேலைக்குப் போக நினைப்பவர்கள், பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்கிறவர்கள், இரண்டு வருடம் இங்கே முடித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் என எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. அந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணி 1985, 1986, 1987, பிறகு 1989, 1990 என்று ஆறே வருடங்களில் ஐந்து முறை இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வென்றது. நம்மவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.

அந்த வெற்றியின் அருமை புரிய வேண்டுமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எந்த ஆட்டக்காரனும் நிலைப்பதில்லை. இரண்டு வருடம் முடிந்தால் கிளம்பிவிடுவான். நன்றாக ஆடுகிறவன் ஒரே வருடத்தில் போய்விடுவான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பயிற்சியாளர் பாதி அணியைப் புதிதாகக் கட்ட வேண்டும். வருகிறவர்களில் பலர் பெரிய பல்கலைக்கழகங்கள் சீண்டாத பையன்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை பட்டம் வாங்கினாலே பெரிய விஷயம்.

ஐந்து பட்டங்களையும் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் வேய்ன் கிரஹாம். 1963, 1964 ஆண்டுகளில் மேஜர் லீக்கில் முப்பது ஆட்டங்கள் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை அங்கே முடிந்துவிட்டது. பிறகு ஹூஸ்டன் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சான் ஜசின்டோவுக்கு வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். 1981-இல் அவரிடம் ஆடிய ரோஜர் கிளெமென்ஸ் பின்னாளில் மேஜர் லீக்கில், பந்து வீசும் பிட்சர்களில் சிறந்தவருக்கான சை யங் விருதை ஏழு முறை பெற்றார். 1991-இல் ஆடிய இடதுகைக்காரர் ஆண்டி பெட்டிட், டியர் பார்க் பள்ளிப் பையன். அதற்கு முந்தைய வருடம் மேஜர் லீக் அணியான யாங்கீஸ், புது ஆட்டக்காரர்களுக்கான வருடாந்திரத் தேர்வில் அவரை 22-ஆவது சுற்றில்தான் எடுத்தது. அப்போதிருந்த விதிப்படி, தேர்வான பையன் இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் அடுத்த தேர்வு வரைக்கும் அவனை ஒப்பந்தம் செய்யும் உரிமை அணிக்கு உண்டு. பெட்டிட் ஒரு வருடம் கிரஹாமிடம் இருந்தார், யாங்கீஸுக்குப் போனார், மேஜர் லீக்கின் உச்சமான உலகத் தொடரை ஐந்து முறை வென்றார்.

பிற்பாடு ரைஸ் பல்கலைக்கழகமே கிரஹாமை அழைத்துக்கொண்டது. 2003-இல் அவர் அங்கே வென்று கொடுத்த பட்டம்தான் ரைஸின் வரலாற்றில் குழு விளையாட்டு எதிலும் கிடைத்த முதல் தேசியப் பட்டம். நம் பிள்ளைகளுக்கு நாம் கனவு காணும் ரைஸ், தன் பயிற்சியாளரைத் தேடிக் கண்டுபிடித்தது ஒரு கம்யூனிட்டி காலேஜில்!

வடக்கு வளாகத்து மைதானத்துக்கு இன்றைக்குப் பெட்டிட்டின் பெயர்தான். சனிக்கிழமைகளில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் நடக்கும். பெற்றோர் மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியுமாக வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். கேட்சருக்குப் பின்னால் வலையோரம் வேகமானியை நீட்டிக்கொண்டு, பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் ஒருவர் நிற்பார். ஒவ்வொரு பந்துக்கும் குறிப்பேட்டில் ஓர் எண் ஏறும். பிட்சர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டான். அலுமினிய மட்டையின் 'ணங்' சத்தம் வாகன நிறுத்தம் வரை கேட்கும். ஆட்டம் முடிந்ததும் ஆடிய பையன்களே மண்வாரியை எடுத்து, பிட்சர் மேட்டில் விழுந்த குழிகளில் களிமண் போட்டு இடித்து, தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் விரிக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. ஜெயித்த அன்றும் இதே வேலைதான், தோற்ற அன்றும் இதே வேலைதான். நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

வெல்லும் அணிகள் மே கடைசியில் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனுக்குப் போகும். 1959 முதல் தேசியத் தொடர் நடப்பது அங்கேதான். ஒரு தோல்வியோடு வெளியேற்றுவதில்லை. இரண்டாவது முறை தோற்றால்தான் ஊருக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்த அணிக்கும் கோப்பைக்கு வழி உண்டு.

பிளஸ் டூ மதிப்பெண்ணோடு பிள்ளையின் கதை முடிந்தது என்று பயந்தே வளர்ந்தவர்கள் நாம். ஹூஸ்டனில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: சீசன் தொடங்கியதும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தார்ப்பாய் விரித்து முடித்த பையன்களிடம் அடுத்த வருடம் எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு ஆசைதான்.