பள்ளிக்கரணை: ஊருக்குள்ளே ஒரு பறவை நடை

ஞாயிற்றுக்கிழமை என்றால் குழந்தைகளுக்கு மால்தானா? தென்சென்னையில், துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையை ஒட்டியே இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்புநிலப் பூங்கா. சமதள நடைபாதை என்பதால் தாத்தா, பாட்டியும் தாராளமாக நடக்கலாம். கோரைப் புல்லுக்குள் நீலத் தாழைக்கோழி தலை நீட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் கண்ணில் படும்.

இது வெறும் வேடிக்கை இடமல்ல. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே தேங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியே வெளியேறுகிறது. கட்டடங்களும் பெருங்குடி குப்பைமேடும் விழுங்கியது போக எஞ்சிய சதுப்புநிலம், 2022-ல் ராம்சர் தளமானது. 'மழை வந்தால் வேளச்சேரி ஏன் மூழ்குது?' என்று பிள்ளைகள் கேட்டால், பதிலை இங்கே நேரிலேயே காட்டலாம்.

வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் போதும். கொண்டுபோன பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்ப எடுத்து வாருங்கள்!