காத்து படாம கை மாத்துவது எப்படி?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் பொட்டி தட்டுவது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டப்படி, இங்கே இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை வரி இல்லாமல் பீர் தயாரிச்சுக்கலாம். விற்கத்தான் கூடாது. அதனால யாரும் போலீசுக்கு போன் போட வேணாம் :) குடிக்காத மக்கள் இதை ஒரு பௌதிகப் பதிவா நினைச்சுப் படிங்க. மேட்டர் என்னவோ அதுதான்.

பீர் செய்யறதுல கஷ்டமான பகுதி காய்ச்சறதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லீங்க. மால்ட்டை வெந்நீரில் ஊற வெச்சு, வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறது பொங்கல் வைக்கிற மாதிரிதான். பக்கத்திலேயே நின்னு பொங்காம பாத்துக்கிட்டா போதும். அதுக்கப்புறம் இரண்டு வாரம் ஈஸ்ட் வேலை செய்யும், நாம ஆணி புடுங்கப் போகலாம். சிக்கல் கடைசி இருபது நிமிஷத்தில் இருக்கு. புளிச்சு முடிஞ்ச பீரை ஃபெர்மென்ட்டரிலிருந்து கெக்குக்கு, அதாவது 19 லிட்டர் பிடிக்கிற எஃகு உருளைக்கு, மாத்தணும். அந்த இருபது நிமிஷத்தில் காத்து பட்டா இரண்டு வார உழைப்பு காலி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஈஸ்ட் போடுற அன்னிக்கு இதே காத்து நமக்கு வேணும். ஈஸ்ட் தன் செல் சவ்வை வளர்த்துக்க ஆக்சிஜன் தேவை. அதனால அன்னிக்கு டீக்கடை மாஸ்டர் கணக்கா எவ்வளவு உயரத்திலிருந்து ஆத்தி ஊத்தினாலும் நல்லது. நொதிச்சு முடிஞ்ச அப்புறம் அதே ஆத்து ஆத்தினா கதை கந்தல். எப்போ கதவைத் திறக்கணும், எப்போ சாத்தணும் என்பதுதான் விஷயமே.

காத்து பட்டா அப்படி என்ன ஆயிடும்? கத்தரிக்காயை நறுக்கினதும் அம்மா ஏன் தண்ணியில போடுறாங்க? வெளிய வெச்சா கறுத்துடும். பீரிலும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். ஹாப்ஸில் இருந்து வரும் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும். மாம்பழச்சாறு நிறத்தில் கலங்கலா இருக்கிற ஹேஸி ஐ.பி.ஏ. வகை, சில வாரத்தில் புளித்தண்ணி நிறத்துக்கு வந்துடும். வாசனை போயிடும், நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி தலை காட்டும்.

இப்ப கொஞ்சம் கணக்கு (இஞ்சினியர் பதிவுன்னா இதெல்லாம் சகிச்சுக்கணும்). காத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன். காலி கெக் என்று நாம சொல்றதுக்குள்ள 19 லிட்டர் காத்து இருக்கு. அதில் ஆக்சிஜன் சுமார் 4 லிட்டர், எடை போட்டா 5 கிராம். பெரிய ப்ரூவரிகள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கப் பாக்குறாங்க. நம்ம 19 லிட்டருக்கு அது 2 மில்லிகிராம்கூட வராது. கெக்குக்குள்ள இருக்கிற ஆக்சிஜனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கரைஞ்சாலே 5 மில்லிகிராம். ஆட்டம் க்ளோஸ்.

"கார்பன் டை ஆக்சைடு காத்தை விட கனம். கொஞ்சம் அடிச்சு விட்டா பீர் மேல போர்வை மாதிரி படுத்துக்கும்" என்று ஒரு நம்பிக்கை உலவுது. ரசத்து மேல நெய் மிதக்கிற மாதிரி வாயுக்கள் தனித்தனியா நிக்காது. பூஜை அறையில ஊதுபத்தி ஏத்தினா வாசல்ல மணக்குதா இல்லையா? அது மாதிரி கலந்துடும். கெக்கில் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏத்தி வெளிய விட்டா, ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற ஆக்சிஜன் மூணில் ஒரு பங்காகும். 21 சதவீதம் 7 ஆகும், அப்புறம் 2.3, அப்புறம் 0.75. அஞ்சாவது தடவைதான் 0.1-க்குக் கீழே போகும். அதுக்குள்ள சிலிண்டரும் இளைச்சுடும்.

போன மாசம் இதையெல்லாம் நான் வழக்கத்தை விட ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருந்தது. மூணு வருஷமா என்கூட சேர்ந்து காய்ச்சின நண்பனுக்கு வேலை போச்சு. திருநெல்வேலிக்காரன். ஹெச்-1பி விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்லேன்னா மூட்டை கட்டணும். ஒரு மாசம் இன்டர்வியூவா அலைஞ்சான். அப்புறம் ஒருநாள் அவனே, "சரிதாம்ல, டிக்கெட் போட்டுட்டேன். கடைசியா ஒண்ணு காய்ச்சிருவோமா?" என்றான். யக்கிமாவில் விளைஞ்ச சிட்ரா, மொசைக் ஹாப்ஸ் வாங்கிட்டு வந்தோம். இரண்டு வாரம் நொதிக்கணும், இன்னும் பத்து நாள் கெக்கில் கிடக்கணும். அவன் கிளம்பறதுக்கு முந்தின நாள் திறக்கணும். அந்தப் பத்து நாளில் அது கெட்டுப் போனா இன்னொரு தடவைன்னு ஒண்ணு கிடையாது.

செய்முறை இதுதான்:

1. கெக்கில் சானிடைசர் கரைசலை மூடி வரைக்கும் தளும்பத் தளும்ப நிரப்பணும். உள்ளே காத்துக்கு இடமே இருக்கக்கூடாது. அம்மா கத்தரிக்காய்க்குச் செய்யற அதே வேலை.

2. மூடியைப் பூட்டி, கேஸ் முனையில் மெதுவா கார்பன் டை ஆக்சைடு கொடுத்தா, அடிவரைக்கும் போற நீளக்குழாய் வழியா தண்ணி மொத்தமும் வெளியேறும். இப்ப உள்ளே இருப்பது கிட்டத்தட்ட வெறும் கார்பன் டை ஆக்சைடு.

3. ஃபெர்மென்ட்டரை மேடை மேலயும் கெக்கைத் தரையிலயும் வைக்கணும். ஃபெர்மென்ட்டரின் பீர் ட்யூபை கெக்கின் நீளக்குழாய் முனையில் மாட்டணும். மாட்டறதுக்கு முன்னாடி ட்யூபுக்குள்ள இருக்கிற காத்தை கொஞ்சம் பீரை விட்டுத் தள்ளிடணும். அரை டம்ளர் பீர் போகும், போகட்டும்.

4. கெக்கின் கேஸ் முனையிலிருந்து இன்னொரு ட்யூபை ஃபெர்மென்ட்டரின் தலைக்குக் கொண்டு போகணும். கீழே ஒரு லிட்டர் பீர் இறங்கினா, அங்கிருந்து ஒரு லிட்டர் வாயு மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பும். பீர் ஓடத் தொடங்கிட்டா அப்புறம் புவியீர்ப்பு பாத்துக்கும்.

இந்த வளையத்தில் வெளிக்காத்து நுழைய வழியே இல்லை. கெக் எஃகுங்கிறதால உள்ளே எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியாதேன்னு கவலை வேணாம். பீர் ஜில்லுன்னு இருக்கும், அது ஏறின உயரம் வரைக்கும் வெளியில வேர்த்திருக்கும். கையால தடவிப் பாத்தாலே தெரியும். ஹாப்ஸ் தூள் வந்து அடைச்சுக்கிட்டா மட்டும் பொறுமையா ட்யூபைத் தட்டி விடணும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தா அத்தனையும் வீண்.

நண்பன் ட்யூபுகளைப் பாத்துட்டு, "என்னல இது, ஐ.சி.யூ. மாதிரி இருக்கு?" என்றான். ஆனா இருபத்திரண்டு நிமிஷமும் தரையில உக்காந்து கெக்கைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தது அவன்தான். அன்னிக்கு நாங்க விசாவைப் பத்திப் பேசவே இல்லை.

பத்து நாள் கழிச்சு, அவன் கிளம்பற முந்தின ராத்திரி திறந்தோம். ஊத்தின கிளாஸை ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான். அதே மாம்பழ நிறம். மூடியைத் திறந்த மாதிரி ஹாப்ஸ் வாசனை. "கெடலைல்லா" என்று மட்டும் சொன்னான். அவனோட கெக் இப்ப என்கிட்டதான் இருக்கு. கழுவி, கார்பன் டை ஆக்சைடு அடிச்சு மூடி வெச்சிருக்கேன். அவன் பழையபடி திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். கெக் ரெடியா இருக்கட்டும்.

பி.கு. 1: கண்ணாடிக் குடுவையில் நொதிக்க வைக்கிறவங்க சிலிண்டர் வெச்சு அழுத்தம் கொடுக்கவே கூடாது. கொஞ்சம் ஏறினாலே வெடிச்சுடலாம். அழுத்தம் தாங்கும்னு தயாரிப்பாளர் சொன்ன பாத்திரத்தில் மட்டும், அவங்க சொன்ன அளவுக்குள்ள.

பி.கு. 2: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வைங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. காத்து படக்கூடாதது பீருக்குத்தான், நமக்கு இல்லை :)