பி.காம். படிச்சுட்டு பொட்டி தட்ட ஆசை

போன மாசம் காலேஜுக்கு ஒரு கம்பெனி ஆளெடுக்க வந்துச்சு. புரோகிராம் எழுதுற வேலைக்கு பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் பசங்க மட்டும்தானாம். பி.காம்.னா இன்வாய்ஸ் சரிபார்க்கிற வேலை. தெரிஞ்சேதான் முதல் வரிசையில போய் நின்னேன். ஐடி கார்டைப் பார்த்துட்டு, "தம்பி, உங்க வரிசை அங்க"ன்னு அனுப்பிட்டாங்க. கிளாஸ்ல இன்னும் ஓட்டுறாங்க. (ஓட்டுங்கப்பா, ஓட்டுங்க!)

சம்பளத்துக்காக இல்லைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டீங்க. அதுவும் ஒரு காரணம்தான். ஆனா ஆசை ஆரம்பிச்சது விருதுநகர்ல, மாமாவோட பலசரக்குக் கடையில. ரெண்டாம் வருஷ லீவுல பைத்தான் கத்துக்கிட்டு அவருக்கு பில் போட ஒரு புரோகிராம் எழுதினேன். முதல் நாளே மாட்டிக்கிட்டேன். வரிக்கு முன்னாடி 107 ரூபாய் வர்ற டீத்தூளுக்கு ஜி.எஸ்.டி. 5%. மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. ஒவ்வொண்ணும் 2.675 ரூபாய் வரும். கையால போட்டா 2.68. என் புரோகிராம் போட்டது 2.67. "ரெண்டு பைசா இடிக்குதே மாப்ள"ன்னார் மாமா.

ராத்திரி முழுக்கத் தேடினேன். விஷயம் என்னன்னா, கம்ப்யூட்டர் எண்ணை எல்லாம் ரெண்டின் அடுக்குகளாத்தான் வெச்சுக்குது. 2.675 அதுல சரியா உட்காராது, மயிரிழை குறைவாத்தான் நிக்கும். சுருக்கச் சொன்னா கீழே இறங்கிடும். பைத்தான்லயே 'டெசிமல்'னு ஒண்ணு இருக்கு, நாம எழுதுற மாதிரி பத்தின் கணக்குல போடும். அதுலயும் சரிபாதி வந்தா மேலே ஏத்துன்னு தனியா சொல்லணும். ட்ரையல் பேலன்ஸ் ஒரு ரூபா இடிச்சா வருமே ஒரு எரிச்சல், கிடைச்சதும் ஒரு சந்தோஷம், ரெண்டுமே அன்னிக்கு வந்துச்சு. கணக்கு படிச்சவனுக்கு இந்த வேலை ஒண்ணும் அந்நியம் இல்லைன்னு அப்பதான் பட்டுது.

நாம லேப்ல தட்டுற டேலியே அப்படிப் பிறந்ததுதானே. தன் வியாபாரக் கணக்குக்குத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்கலைன்னு ஷியாம் சுந்தர் கோயங்கா மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கதை அது.

எம்.சி.ஏ. சேரலாம்னா, பிளஸ் டூவிலயோ டிகிரியிலயோ கணக்குப் பாடம் இருக்கணும்ங்கிறாங்க. நான் பிளஸ் டூவில எடுத்தது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். டிகிரியில இருக்கிற பிசினஸ் மேத்ஸ் பேப்பரை எங்க ஏத்துக்குவாங்கன்னு ஒவ்வொரு காலேஜா விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். அப்பாவோ பேங்க் பரீட்சை புத்தகம் வாங்கி மேஜையில வெச்சிருக்கார். ஒண்ணும் சொல்ல மாட்டார், புத்தகம் மட்டும் தினமும் இடம் மாறி என் தலையணைகிட்ட வந்துடும். ஏ.ஐ.யே கோடு எழுதும்போது நீ எதுக்குடான்னு ஒரு நண்பன் கேட்டான். எழுதட்டும், ரெண்டு பைசா இடிக்குதுன்னு பார்க்க ஒரு ஆள் வேணுமே.

சனிக்கிழமை விருதுநகர் போறேன். கடன் நோட்டையும் புரோகிராம்ல ஏத்தணுமாம் மாமாவுக்கு. அப்பாவும் கூட வர்றேன்னிருக்கார். ஏன்னு நான் கேட்டுக்கலை.