ஆடாதார் தோல்வி

விளையாட்டில் வென்றோர் மகிழ்வதும் தோற்றோர் வருந்துவதும் இயல்பு. ஆயின், களத்தில் இறங்காமல், பந்தைக் கையால் தொடாமல், எல்லைக் கோட்டிற்கு வெளியே நின்று கண்டோர் அடையும் வருத்தமும் ஒன்று உண்டு. சிலபோது அது ஆடினோர் வருத்தத்தினும் மிகுதியாக இருக்கும். ஆடினோர் நீராடி, உணவுண்டு, களைப்பினால் உறங்கிவிடுவர். ஆடாதாரோ உறக்கமின்றிப் புரண்டு, முடிந்துபோன ஆட்டத்தை விடியுமளவும் மனத்துள் ஆடிக்கொண்டிருப்பர். இவ்வருத்தம் எங்கே பிறக்கிறது? எவர்மேல் சென்று விழுகிறது?

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 2007 ஆம் ஆண்டில் அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஒன்று சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் மண். மற்றொன்று சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த மண். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே உண்டு. இரு மாவட்டக் கல்லூரிகளும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. ஆயினும், கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி வந்துவிட்டால் இவ்வுறவெல்லாம் மறந்துபோகும். ஊதுகுழலும் பறையுமாக மாணவர் கூட்டம் திரளும். வென்றே தீரும் என்று எல்லாரும் நம்பியிருந்த அணி ஒரே புள்ளியில் தோற்றுவிட்டால், திரும்பி வரும் பேருந்தில் எழும் பேச்சு ஒன்றே. "அந்தக் கடைசிப் பந்தை அவன் போட்டிருந்தால்!" என்பான் ஒருவன். "அவனை ஏன் இறக்கினார்கள்?" என்பான் மற்றொருவன். "இனி இவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வரவேமாட்டேன்" என்று சூளுரைப்பான் மூன்றாமவன். அடுத்த போட்டிக்கு முதலில் வந்து இடம் பிடிப்பவனும் அவனே. இவையனைத்தும் காதில் விழ, முன் இருக்கையில் சன்னல் கம்பியில் தலை சாய்த்து அமர்ந்திருப்பான், அக்கடைசிப் பந்தைத் தவறவிட்டவன்.

ஆட்டக்காரனுக்கு ஓடுவதற்குக் கால் உண்டு. எறிவதற்குக் கை உண்டு. காண்போனுக்கு உள்ளது குரல் ஒன்றே. ஆவல் முழுதும் உள்ளத்தில் இருக்க, ஆற்றுதற்கு ஒன்றும் கையில் இல்லாத நிலை அது. அடைபட்ட அவ்வாவலே தோல்விக்குப்பின் சினமாக வெடிக்கிறது. மாணவர் பேச்சில் மற்றுமொரு புதுமையைக் காணலாம். வென்ற நாளில், "நாம் வென்றோம்" என்பர். தோற்ற நாளில், "அவர்கள் தோற்றார்கள்" என்பர். தன்மைப் பன்மை ஒரே மாலையில் படர்க்கையாக மாறிவிடுகிறது! இடவழு என்று இலக்கணம் கூறும் குற்றத்திற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இது தமிழ் மாணவர்க்கு மட்டும் உரிய குற்றமும் அன்று. இராபர்ட்டு சியால்டினி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் கல்லூரி மாணவரிடம் இதனையே ஆராய்ந்து 1976 இல் வெளியிட்டனர். தம் கல்லூரி அணி வென்றபோது, "நாம்" என்னும் சொல்லை மாணவர் மிகுதியாக வழங்கினர் என்றும், கல்லூரிப் பெயர் பொறித்த ஆடைகளை மிகுதியாக அணிந்து வந்தனர் என்றும் அவ்வாராய்ச்சி காட்டிற்று.

கூடைப்பந்தின் கணக்கைச் சற்று நோக்குவோர்க்குக் கடைசிப் பந்தின்மேல் பழி சுமத்துவது எத்துணைப் பொருந்தாதது என்பது விளங்கும். அனைத்துலக விதிப்படி ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். பந்து கைக்கு வந்த அணி 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எதிரணியினர் விதி மீறினால், எவரும் மறிக்காமல் நின்ற இடத்திலிருந்து எறியும் வாய்ப்புக் கிடைப்பதுண்டு. அது கூடைக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. முதற் பகுதியில், மக்கள் இன்னும் இடந்தேடி அமர்ந்துகொண்டிருக்கும் வேளையில் தவறிய எறியும் ஒரு புள்ளியே. இறுதி நொடியில், ஆயிரம் கண்கள் உற்று நோக்கத் தவறிய எறியும் ஒரு புள்ளியே. ஒரு புள்ளியில் தோற்ற அணியில், அப்புள்ளியை இழந்தவர் ஒருவர் அல்லர். ஆடிய அனைவரும் எங்கோ ஓரிடத்தில் அதனை இழந்திருப்பர். ஆனால் முதலில் தவறியது எவர் நினைவிலும் இல்லை. கடைசியில் தவறியவனின் பெயரோ ஊரெல்லாம் அறியும். அவன் செய்த பிழை எறியில் அன்று, காலத்தில்!

இத்தகைய பழி ஒரு மனிதனை எத்துணைக் காலம் தொடரும்? 1950 ஆம் ஆண்டு சூலை 16 ஆம் நாள், பிரேசில் நாட்டின் மரக்கானா அரங்கில் ஒன்றே முக்கால் இலட்சம் மக்கள் என்னுமளவிற்குக் கூடியிருந்தனர். உலகக் கோப்பைக் கால்பந்தில் உருகுவே நாட்டு அணி பிரேசிலை 2-1 என்னும் கணக்கில் வென்றது. கோல் காவலர் பார்போசா மேல் பழி விழுந்தது. அவர் 2000 ஆம் ஆண்டில் இறந்தார். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் அப்பழி அவரைவிட்டு நீங்கவில்லை. கொலை செய்தார்க்கும் சட்டம் அதனினும் குறைந்த தண்டனையை விதிப்பதுண்டு.

அங்ஙனமாயின், காண்போர் வாய்மூடி இருக்க வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. பயிற்சி போதவில்லை, ஓடும் வலிமை குறைந்தது, தேர்வு முறையாக நடைபெறவில்லை என்றெல்லாம் கேட்பதற்கு அவர்க்கு உரிமை உண்டு. அன்பில்லாதவன் அக்கேள்விகளைக் கேட்கவும் மாட்டான். தோல்வியின் காரணத்தைத் தேடுவது வேறு. தோற்றவனைத் தேடுவது வேறு.

அரியலூர்க்காரர் இவ்வேறுபாட்டை அண்மையில் எண்ணிப்பார்க்க ஒரு வாய்ப்பு நேர்ந்தது. அவ்வூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் என்னும் இளைஞர், ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்தில் இந்திய அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 மே 23 ஆம் நாள், ஜகார்த்தா நகரில் ஆசியக் கோப்பைப் போட்டி. எதிரே நின்றது பாகிஸ்தான். அதுவே அவருக்கு முதல் ஆட்டம். முதற் கால்பகுதியிலேயே கோல் அடித்தார். அந்த ஒரு கோல் ஏறத்தாழ ஆட்டம் முழுதும் இந்தியாவை முன்னிறுத்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில் பாகிஸ்தான் ஒரு கோல் அடித்துச் சமன் செய்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை! சமன் என்பது பெயரளவில்தான்; கண்டோர்க்கு அது தோல்வியாகவே தோன்றும். மறுநாள் சப்பானிடம் 5-2 எனத் தோல்வி. அன்றே நம்பிக்கையைக் கைவிட்டோர் பலர் இருத்தல் கூடும். மே 26 இல் இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வேறுபாட்டில் வென்றாலன்றி அடுத்த சுற்று இல்லை என்னும் நிலை. இந்திய அணி 16 கோல்கள் அடித்தது, ஒன்றும் வாங்கவில்லை. முடிவில் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பியது.

தோற்றோரை மதிக்கும் பண்பு தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. வெற்றியையே பெயராகப் பூண்ட ஊர் அது. தோல்வியைப் பெயராகக் கொண்ட ஊர் எங்கும் இல்லை. ஆனால் தோல்விக்குப் புலவர் பாட்டு உண்டு. வெண்ணிப் போரில் கரிகால் வளவன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிய சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னினும் அவன் நல்லவன் என்னும் கருத்துப்படப் பாடினார். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. வெற்றிக் களிப்பில் இருந்த வேந்தன் முன்னிலையில் அவ்வாறு உரைத்த துணிவே துணிவு.

இனி, இரண்டு அரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரித் திங்களில், கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட்டு ஆடின. டெண்டுல்கர், எதிரணி வீரர் ஒருவரோடு மோதி ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். கூட்டம் கொதித்தெழுந்தது, கையில் கிடைத்தவற்றைக் களத்தில் எறிந்தது. மறுநாளும் அமளி தொடரவே, காவலர் பார்வையாளர் அனைவரையும் வெளியேற்றினர். இறுதி விக்கெட்டு வெற்றிருக்கைகளுக்கு நடுவே விழுந்தது. இந்தியா 46 ஓட்டங்களில் தோற்றது. விளையாட்டை உயிராகப் போற்றும் நகரம் அது. அப்பற்றே அன்று அதன் கண்ணை மறைத்தது.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், சனவரி 31 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னைச் சேப்பாக்கம் அரங்கு. அதே இரண்டு அணிகள். பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட்டத்திற்காக இந்தியாவிற்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரக்கூடாது என்று எதிர்த்தோர் தில்லியில் ஆடுதளத்தையே கொத்திப் பாழ்படுத்தியிருந்தனர். இந்தியா வெல்ல 271 ஓட்டங்கள் வேண்டும். 82 ஓட்டங்களுக்குள் ஐந்து பேர் வீழ்ந்தனர். டெண்டுல்கர் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு 136 ஓட்டங்கள் எடுத்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் அவர் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூவரும் நான்கே ஓட்டங்களில் வீழ, இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கு சிறிது நேரம் பேச்சற்றிருந்தது. பின்னர் ஒருவர் எழுந்தார், வரிசை எழுந்தது, அரங்கே எழுந்து நின்று கைதட்டிற்று. அதனைக் கண்ட வாசிம் அக்ரமும் அவர்தம் அணியினரும் திடலைச் சுற்றி ஓடத் தொடங்கினர். அவர்கள் ஓடிய பக்கமெல்லாம் கையொலியும் உடன் சென்றது.