ஒசரம் சொல்லுங்க சார்

கொளத்தூருக்கு வருகிறவர்கள் மீனைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அடைத்த பைகளில் வரிசையாகத் தொங்கும் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ். ஞாயிற்றுக்கிழமை என்றால் நடக்க இடமிருக்காது. தொட்டி ஒட்டுகிற பட்டறைகள் பின்சந்துகளில் இருக்கின்றன. மீன் கடைக்காரர் விலாசம் சொல்லிவிடுவார், ஆனால் உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் தேடிப் போனதற்கு ஒரு கேள்விதான் காரணம். கடல்மீன் வளர்க்கிறவர்கள் கூடினால் 'பெரிய தொட்டி' என்ற பேச்சு வராமல் போகாது. அமெரிக்கக் கணக்கில் 30 கேலனுக்குக் கீழே என்றால் 'நானோ' என்பார்கள். ஆறடி நீளத்தில் 180 கேலன், அதாவது ஏறத்தாழ 680 லிட்டர் வைத்திருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் தொட்டியைக் கையால் ஒட்டுகிறவருக்கு எது பெரியது?

பட்டறை மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். இடது கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு.

"லிட்டர் எத்தனைன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு ஒசரம் சொல்லுங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்."

அவர் வாயால் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கடல்நீரை விளிம்புவரை நிரப்பினால் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுமார் 725 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். நீளத்தைக் கூட்டினால் அந்த மொத்த விசை அதே விகிதத்தில்தான் கூடும். அடிமட்டத்தில் இருக்கும் அழுத்தம் மாறாது. உயரத்தை மூன்றடியாக்கினால் கதை வேறு. அரையடிதான் கூடியது, விசையோ ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடுகிறது. உயரத்தின் இருமடியில் ஏறுகிற கணக்கு இது. மேஸ்திரி இருமடி என்றெல்லாம் சொல்லவில்லை. "அரையடி ஏத்தினா கண்ணாடி ஒரு சைஸ் ஏறணும்" என்றார். 12, 15, 19 மில்லிமீட்டர்த் தடிமனெல்லாம் அவருக்கு வெறும் மில்லிதான்.

உயரத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு: மனிதக் கை. மேலே குனிந்து, தோள்வரை நனைத்துக் கையை விட்டால் இரண்டரை அடித் தரையைத் தொடுவதற்குள் மூச்சு முட்டும். மூன்றடி என்றால் விழுந்த கல்லை எடுக்க இடுக்கிதான். தொட்டியைப் பராமரிக்க வாராவாரம் வீடு வீடாகப் போகும் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். "மூணடி கேக்கறவரு யாரும் உள்ள கைய வுடறதில்லண்ணா, நாங்கதான் வுடணும்" என்றான். நியாயமான புகார்.

எட்டடி வேலை ஒன்று அண்ணாநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியோடு போனேன். அங்கேதான் அவருடைய அடுத்த அளவுகோல் தெரிந்தது. வாசற்கதவு வழியாக, லிஃப்ட் வழியாக முழுசாகக் கொண்டுபோக முடிகிற தொட்டியைப் பட்டறையிலேயே ஒட்டுவார். முடியாதது பெரிய தொட்டி. அதைத் துண்டு துண்டாக ஏற்றி, வீட்டுக் கூடத்திலேயே வைத்து ஒட்ட வேண்டும். 19 மில்லியில் எட்டுக்கு இரண்டரை அளவுள்ள ஒரே ஒரு கண்ணாடி ஏறத்தாழ 88 கிலோ. நாலு பேர் ரப்பர் சக்ஷன் பிடிகளை ஒட்டித் தூக்கிப் படியேறினார்கள். திருப்பத்தில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் நின்றார்கள். யாரும் பேச்சுக் கொடுக்காத ஐந்து நிமிடம் அது.

டஃபண்ட் கண்ணாடி போட்டால் மெல்லிசாகப் போகலாமே என்று கேட்டேன். அவருக்கு அதில் நம்பிக்கையில்லை. சாதா கண்ணாடி விரிசல் விட்டால் பெரும்பாலும் கசிந்து எச்சரிக்கும். டஃபண்ட் உடைந்தால் ஒரே நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். சூடேற்றிக் கடினமாக்கிய பிறகு அதில் ஓட்டையும் போட முடியாது. கடல்தொட்டிக்கோ ஓட்டை வேண்டும், ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் கீழே சம்பு என்ற துணைத்தொட்டிக்கு இறங்குவதற்கு.

ஒட்டுகிற வேலையை நின்று பார்த்தேன். விளிம்புகளை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். கைரேகை பட்டாலும் சிலிகான் பிடிக்காது. இணைப்பின் இருபுறமும் டேப். அடிக்கண்ணாடியின் ஓரத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை வைத்தார்கள், கண்ணாடியும் கண்ணாடியும் நேராக மோதாமல் நடுவே சிலிகான் படுக்கை இருப்பதற்காக. பிறகு இரண்டு பேர் இரண்டு சிலிகான் கன்னை எடுத்து இரு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் பிதுக்கிக்கொண்டு நடுவை நோக்கி வந்தார்கள். அறை முழுக்க வினிகர் நெடி. சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வருவது. பத்து நிமிடத்துக்குள் மேலே ஆடை படிந்துவிடும். அதற்குள் கண்ணாடியை நிறுத்தி, அழுத்தி, விரலால் வழித்து, டேப்பை உரிக்க வேண்டும். ஒரு குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் கடுகளவுதான் இருக்கும். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தை பிளேடால் அறுத்தெடுத்து மறுபடி பிதுக்கினார். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் சிலிகான் இறுகும், அதுவும் வெளியிலிருந்து உள்ளே, முதல் நாள் இரண்டு மூன்று மில்லி, பிறகு இன்னும் மெதுவாக. 19 மில்லிக் கண்ணாடியின் நடுவரை போய்ச் சேர வாரக்கணக்காகும். வீட்டுக்காரர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தானாம். கிரகப்பிரவேசத்துக்கு மீன் நீந்தவேண்டும் என்பார்கள்.

தொட்டிக்குக் கீழே இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாக்ஸ் பைப் ஸ்டாண்டு, அதற்கு மேல் பிளைவுட், அதற்கும் மேல் தெர்மாகோல். ரசமட்டத்தை நாலு திசையிலும் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டும் 1,400 லிட்டர். கண்ணாடி 300 கிலோவுக்கு மேல். பாறை, மணல், சம்பு எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னை நெருங்கும். இதெல்லாம் நிற்பது இருபது சதுர அடியில். இந்தியத் தரநிலைப்படி வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடும் உபயோகப் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இங்கே தொட்டியின் அடியில் அதே சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. அதற்காக ஸ்லாபு உடனே இடிந்துவிடாது. பாரம் எந்த பீமுக்குப் போகிறது, தூண் எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்தது. அந்த வீட்டில் கட்டட இன்ஜினியர் வந்து சுவரோரமாக, பீமுக்கு நேர் மேலே இடம் குறித்துக் கொடுத்திருந்தார். என்னைக் கேட்டால் பெரிய தொட்டிக்கு இலக்கணமே இதுதான்: மீன் கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் இன்ஜினியரைக் கேட்க வேண்டியது.

தொட்டி உடைந்தால் என்னவாகும் என்பதற்கு உதாரணம் பெர்லின். 2022 டிசம்பர் 16 அன்று அங்கே ஒரு ஓட்டலின் நடுக்கூடத்தில் நின்ற அக்வாடோம் என்ற மீன்தொட்டி வெடித்தது. பத்து லட்சம் லிட்டர், 1,500 மீன்கள். அது அக்ரிலிக். மேஸ்திரி அந்த வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறார். விலையைக் குறைக்கப் பேரம் பேசுகிறவர்களுக்குக் காட்டுவாராம்.

நன்னீர்த் தொட்டிக்கும் பவளத் தொட்டிக்கும் உள்ள தூரம் கண்ணாடி ஒட்டி முடித்த பிறகுதான் தெரிகிறது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் அண்ணாநகர் வீட்டின் 1,400 லிட்டருக்கு 49 கிலோ உப்பு, அதுவும் சமையல் உப்பல்ல. கரைப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர். வெப்பம் 26 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும்; சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் அது நடக்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். பெரிய தொட்டியில் ஒரு நன்மை, எந்தக் கோளாறும் மெதுவாகத்தான் ஏறும். சின்னத் தொட்டியில் ஒரு மீன் செத்தால் மறுநாளே தண்ணீர் கெட்டுவிடும்.

பவளம் எங்கிருந்து வரும்? கல் பவளங்களும் கறுப்புப் பவளமும் கடல்விசிறியும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டைப் பெயர்த்தாலும் குற்றம். இந்தோனேசியாவில் லீ சின் எங் 1961-இல் எழுதிக் காட்டிய முறை, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையே வடிகட்டியாக்குவது. உலகத்துப் பவளத் தொட்டிகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான், ஆனால் இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. அண்ணாநகர் வீட்டுக்காரர் செயற்கைப் பாறையை வாங்கி அடுக்கச் சொல்லியிருந்தார். நுண்ணுயிர்கள் அதில் குடியேற மாதங்கள் ஆகும். மீன்களில் முதலில் வரப்போவது கோமாளி மீன் ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துப் பழகிய இனங்களில் ஒன்று.

நான் கிளம்பும்போது வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் மெதுவாக ஆரம்பித்தார், விளிம்பில் இன்னும் ஆறங்குலம் கண்ணாடி ஒட்டி உயர்த்த முடியுமா என்று.

"வேற ஆளப் பாருங்க சார்" என்றார் மேஸ்திரி. பாக்கிப் பணத்தை அதற்கு முன்பே எண்ணி வாங்கியிருந்தார்.