திருப்பதியில் ஓர் ஏறுசுவர்

திருப்பதி நகரத்தில் எந்த வீதியில் நின்று வடக்கே நிமிர்ந்து பார்த்தாலும், மரங்கள் அடர்ந்த சரிவுக்கு மேலே, வெயில் ஏற ஏறச் செம்மையும் மஞ்சளுமாக நிறம் மாறிக்கொண்டு செங்குத்தாக எழுந்து நிற்கும் குவார்ட்சைட் பாறைச் சுவர் பார்ப்பவனுடைய கண்ணை விடாமல் பற்றிக்கொள்கிறது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஓரிடத்தில், அடியிலே கிடக்கும் ஆதிகாலக் கிரானைட்டும் அதன்மேல் பின்னால் படிந்த குவார்ட்சைட்டும் சந்திக்கின்ற கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒரு கோட்டுக்குள்ளே சுமார் 80 கோடி ஆண்டுகள் மறைந்து கிடக்கின்றன என்பது அவர்களுடைய கணக்கு. பாறையேற்றத்தில் பிரியம் கொண்ட எவனுக்கும் இந்தக் காட்சி விரல்களில் தினவை உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாறையைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது. இம்மலைப் பிரதேசம் 1989-இல் ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாகவும், 2010-இல் இன்னும் விரிந்த எல்லையோடு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, மலையையே ஆதிசேஷனின் சரீரமாகக் கருதி, ராமானுஜர் தம் பாதம் படலாகாது என்று முழங்காலால் ஏறினார் என்று சொல்லும் சம்பிரதாயம் வழங்கும் ஊரிலே, அந்தப் பாறையில் துளையிட்டு ஆணி அடிப்பதை எவர் சகிப்பார்? இத்தடை நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவருடைய குமாரன், பெங்களூரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் ராமநகரத்துக் கிரானைட்டிலும் பாதாமியின் மணற்பாறையிலும் பழகியவன், இப்போது திருப்பதியிலேயே தங்கிவிட நேர்ந்தபடியால், வீட்டு மாடியில் பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் அப்பியாசத்துக்கென்று ஓர் ஏறுசுவர் நிர்மாணிக்கத் தீர்மானித்தான். அவ்வேலை நடக்கும்போது கூட இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஏறுசுவர் என்பது புதுமையான விஷயமன்று. 1964-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், ஒரு நடைகூடத்துச் செங்கற் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்து மாணவர்களை ஏறச் செய்தார். 1988-இல் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் வொல்ஃப்காங் கூலிச் விரல் பலத்துக்கென்று சாய்ந்த பலகையில் மரச் சட்டங்களைப் படிபோல அடித்து, காலை ஊன்றாமல் கைகளாலேயே தாவிப் பழகினார். 2005-இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன், 40 டிகிரி சாய்வில் ஒரே அளவாகத் துளையிட்ட பலகையை உலகுக்குப் பொதுவாக்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்ற பிறகு நம் இளைஞர்களும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் ஏறுபவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். சுவரைச் செய்கிற தச்சரையும், வெல்டரையும், மெத்தை தைப்பவரையும் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

தச்சர் சித்தூர்க்காரர். 1911-இல் வடஆற்காட்டிலிருந்து பிரிந்து உருவான ஜில்லா ஆகையால் சித்தூரில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்த பின்னும் தச்சு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அந்தப் பிரிவினையைப் பொருட்படுத்துவதில்லை. பட்டறையில் கையாளாக இருந்த பையன் அவரை ‘மேஸ்திரி’ என்று அழைத்துத் தெலுங்கில் பேச, அவர் அவனுக்குத் தெலுங்கிலும் எங்களுக்குத் தமிழிலுமாக விடை சொல்லிக்கொண்டே இழைப்புளியை ஓட்டிக்கொண்டிருந்தார். இளைஞன் கைப்பேசியில் படத்தைக் காட்டி, “சாய்வு 40 டிகிரி வேணும், மேஸ்திரி” என்றான்.

“டிகிரியெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி? எத்தனை அடி ஏறணும், எத்தனை அடி முன்னாலே தள்ளணும், அதைச் சொல்லுங்க” என்றார் அவர்.

சொல்லிவிட்டு அவனுடைய பதிலுக்குக் காத்திராமல், பலகைத் துண்டொன்றில் பென்சிலால் ஒரு முக்கோணம் கிறுக்கினார். வாசற்கால் நிறுத்தும்போதும் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போதும் மூலைமட்டம் பார்ப்பதற்கு எந்த மேஸ்திரியும் உபயோகிக்கின்ற 3, 4, 5 என்ற அதே கணக்குத்தான். அதை இரட்டித்து, சாய்ந்த பலகை 10 அடி, உயரம் 8 அடி, முன்தள்ளல் 6 அடி என்று நிர்ணயித்துவிட்டார். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குச் செங்குத்தான கால்பலகை அவசியமாதலால் மொத்தம் 9 அடி; பத்தடி அறையில் கச்சிதமாக அடங்கும். கோணத்தைக் கணக்கிட்டால் 36 டிகிரியும் சுமார் 52 நிமிஷமும் வருகிறது. உலகமெங்கும் 40 என்று வைத்திருக்கிறார்களே, அவர்கள் வகுத்த பாதைகளை இதில் ஏறிப் பார்க்க முடியாதே என்று இளைஞன் முகம் வாடினான். 40 வேண்டுமானால் உயரம் 7 அடி 8 அங்குலம், தள்ளல் 6 அடி 5 அங்குலம் என்று நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானே? அடியிலே கீல் வைப்போம். மேலே தாங்குற இரும்புப் பட்டையிலே ரெண்டு துளை போட்டுடுவோம். இப்போ இதிலே பழகுங்க, அப்புறம் அதிலே மாட்டிக்குங்க” என்று விவாதத்தை முடித்தார். பொறியாளர் ஒருவரிடம் போயிருந்தால் இதற்கு ஒரு வரைபடமும் ஒரு கட்டணமும் ஆகியிருக்கும்.

மரம் வெட்டுவதில் அவர் காட்டிய சிக்கனம் என்னைப் பிரமிக்க வைத்தது. எட்டுக்கு நாலு அடியுள்ள 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் மூன்றே மூன்று போதும் என்றார். இரண்டை நெட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டடி அகலமும் எட்டடி நீளமும். மூன்றாவதை நெடுக்கே இரண்டாக அறுத்தால் ஒரு பாதி மேலேயுள்ள இரண்டடிக்கு, மறு பாதியில் ஓரடி கால்பலகைக்கு, மீதி ஓரடி பட்டறைக்கு. பிறகு பிடிகளை மாட்டத் துளையிடும் வேலை. 20 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கட்டம் கட்டினால் சாய்ந்த பலகையில் மட்டும் 15 வரிசை, வரிசைக்கு 12, ஆக 180 துளை. பின்னால் தாங்கும் சட்டங்களை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, துளை வரிசைகளுக்கு நடுவே விழும்படி நிறுத்த வேண்டும். தவறி ஒரு சட்டம் துளையின் பின்னால் வந்துவிட்டால் அந்த வரிசை முழுவதும் வீண்.

துளையை முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும், ஏனெனில் துரப்பணம் வெளியேறும் பக்கத்தில்தான் சிம்பு பிய்யும் என்பதும், அந்தச் சிதைவைப் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிடியின் போல்ட்டை ஏற்கும் டீ நட்டின் தட்டு மறைத்துவிடும் என்பதும் அவர் கையாளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்கள். டீ நட்டைச் சுத்தியலால் அடித்தால் கோணிக்கொண்டு இறங்கும் என்று, முன்பக்கத்திலிருந்து போல்ட்டும் வாஷரும் போட்டு முறுக்கி, அதன் நான்கு பற்களையும் மரத்துக்குள் சீராக இழுத்துப் பதித்தார்கள். விளிம்பில் சிறிது அரால்டைட்டும் தடவினார்கள். பின்னொரு நாள் மரை கெட்டு நட் மரத்துக்குள்ளேயே சுழன்றுவிட்டால் பின்னாலிருந்துதான் அதைப் பிடிக்க முடியும் ஆகையால், சுவருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள முக்கோண வெளியில் ஓர் ஆள் நுழைவதற்கு வழி விட்டிருந்தார். இந்த வேலையை மொத்தமாக ஒப்பந்தம் பேசி விடுகிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. துளைக்கு இவ்வளவு என்று பேசினால் நூறாவது துளையில் கை அவசரப்படும். ஒரு மனிதனுடைய உடம்பு தொங்கப்போகும் துளை அது. இங்கே நாள் கூலி பேசியிருந்தார்கள்.

பிடிகளுக்கு வருகிறேன். கடைகளில் கிடைப்பவை மணல் கலந்த ரெசின் வார்ப்புகள். வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்குச் சுங்கமும் கூலியும் சேர்ந்து விலை ஏறிவிடுகிறது. ராபின்சன் செய்ததைப்போல் கல்லையே வைத்தால் என்ன என்று இளைஞனுக்கு ஓர் ஆசை. சித்தூரைச் சுற்றிக் கிரானைட் அறுக்கும் ஆலைகளுக்குப் பஞ்சமில்லாததால் அங்கே ஒன்றுக்குள் போனோம். நீர் பீய்ச்சிக்கொண்டு வைர வாள் கல்லை அறுக்க, வேறொரு பக்கம் ஒருவர் வாயு விளக்கின் சுவாலையைக் கல்லின் முகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். சூட்டில் குவார்ட்ஸ் மணிகள் வீங்கிப் பொரிந்து சிதற, வழுவழுத்த கல் சொரசொரப்பாகிறது. விரல் பிடிக்க அந்த முகம் அற்புதமானது. ஆயினும் துண்டுக்கல்லில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு போல்ட்டை முறுக்கினால் இன்றோ நாளையோ பிளக்கும் என்று அங்கிருந்த தொழிலாளி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தலைக்கு மேலே சாய்ந்த சுவரில் கல்லைத் தொங்கவிடும் யோசனை அத்துடன் ஒழிந்தது, நல்லதாயிற்று.

மரப் பிடிக்கு மேஸ்திரிதான் வழி காட்டினார். ஸ்ரீகாளஹஸ்திப் பக்கத்தில் மாதவமாலா என்ற கிராமம் மரச் சிற்பத்துக்குப் பேர்போனது. தெருவுக்குள் நுழைந்தால் வேங்கடேசுவரரும் பத்மாவதியும் பிள்ளையாரும் பாதி உருவில் வரிசையாகச் சாய்ந்து நிற்கிறார்கள், உளியும் கொட்டாப்புளியும் பேசும் ஓசை விடாமல் கேட்கிறது. அங்கே ஒரு சிற்பியிடம் எங்கள் தேவையை மேஸ்திரி தெலுங்கில் விவரித்தார். உலகெங்கும் விரல் பலகைகளுக்கு ஆதார அளவாக வைத்திருக்கும் 20 மில்லிமீட்டர் ஆழத்தைச் சொன்னபோது அவர் மில்லிமீட்டரை லட்சியம் செய்யவில்லை; இளைஞனுடைய கையை வாங்கி, நடுவிரலின் அகலத்தைப் பார்த்து, ஓர் அங்குலம் என்று தலையசைத்தார். விக்கிரகங்களுக்குத் தாலமானம் கணக்கிடுகிறவர்களின் அங்குலம் ஆங்கில அளவில் சுமார் முக்கால் அங்குலமே ஆகையால், விரல் பலகையின் கணக்கும் மாதவமாலாவின் கணக்கும் ஒரு நூலளவுகூட வித்தியாசமில்லாமல் ஒத்துப் போயின.

செம்மரத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சட்டத்தின் காவலுக்குட்பட்ட அம்மரம் விளையாட்டுச் சாமானுக்கு உரியதன்று. பழைய கட்டடத்திலிருந்து எடுத்த தேக்கும், வேம்பும் போதுமென்று முடிவாயிற்று. மரத்தின் ரேகை விளிம்புக்கு இணையாகக் குறுக்கே ஓட வேண்டும், நெட்டாக நின்றால் விரல் இழுக்கும் இழுப்பில் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும் என்பதை நாங்கள் சொல்லுமுன் அவரே சொன்னார். நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே: விளிம்பு தோலை அறுக்காதபடி உருண்டிருக்க வேண்டும், வார்னிஷ் கூடாது. முன்னதற்கு உடனே இசைந்தார். பின்னது அவருக்குச் சம்மதமாகவில்லை. மெருகிடாத சரக்கு தம் கையைவிட்டுப் போனால் ஊரார் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். மெருகு ஏறினால் கை வழுக்கும் என்று விளக்கி, உப்புத்தாள் தேய்ப்போடு நிறுத்தும்படி அவரை இணங்கச் செய்வதற்குள் மேஸ்திரிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பிடி ஒவ்வொன்றிலும் போல்ட்டின் தலை அமிழ்ந்து உட்காரக் குழிவும், பிடி திரும்பிவிடாமல் தடுக்க ஒரு சிறு திருகாணிக்குத் துளையும் போட்டுக் கொடுத்தார். கடை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாமல் அவர் கேட்டதை இளைஞன் கொடுத்ததை நான் மெச்சினேன்.

பலகை மாடியேறிய நாளில் திருப்பதி வெல்டர் சதுரக் குழாய்ச் சட்டத்தைத் தயாராக வைத்திருந்தார். மேலே தாங்கும் பட்டையைச் செங்கற்சுவரில் மாட்ட அவர் ஒப்பவில்லை; கான்கிரீட் உத்தரத்தைத் தட்டித் தட்டி இடம் கண்டு, அதிலேதான் ஆங்கர் போல்ட்டை இறக்கினார். தாவிப் பிடிக்கிறவனின் இழுப்பு அவனுடைய எடையைப்போல் சில மடங்கு என்பது அவருக்குப் புத்தகப் படிப்பால் வந்த அறிவல்ல. ஊஞ்சல் கொக்கி மாட்டிய அனுபவம். பலகையை அவரும் மேஸ்திரியும் தோள் கொடுத்து ஏற்றி, பட்டையில் பூட்டிய பின், “சரிகா உந்தா?” (சரியாக இருக்கிறதா?) என்று கேட்டுக்கொண்டே கையாள் பையன்தான் முதலில் இரண்டு பிடிகளில் தொங்கிப் பார்த்தான்.

கடைசியாக மெத்தை. படுப்பவர்களுக்குத் தைத்தே பழகிய கடைக்காரர், விழுபவனுக்கு மெத்தை என்றதும் சிறிது நேரம் யோசித்தார். இலவம்பஞ்சு சீக்கிரம் அமுங்கித் தரை தட்டும். வெறும் மெது நுரையிலும் குதிகால் அடிவரை போய்விடும். அடியில் தடித்த மெது நுரை, மேலே கெட்டியான மெல்லிய நுரை என்று இரண்டு அடுக்காக வைத்தால், விழுகிற பாரம் மேலடுக்கில் பரவி அடியடுக்கில் அடங்குகிறது. துண்டு துண்டாகப் போட்டால் இடுக்கில் பாதம் சிக்கிக் கணுக்கால் மடங்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உறையாகத் தைத்தார். பலகை ஆறடி தள்ளியிருப்பதால் மெத்தை அதற்கும் அப்பால் நாலடி நீள வேண்டியதாயிற்று. அறையில் நடக்க இடமில்லை என்று வீட்டு அம்மாள் குறைப்பட்டுக்கொண்டது நியாயந்தான். ஆனாலும் மெத்தையைச் சுருக்க நான் உடன்படவில்லை.

வீட்டில் ஏறுசுவர் கட்ட எண்ணும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வளர்ச்சி முற்றாத பிள்ளைகளின் விரலெலும்பு நுனிகள் கடும் பயிற்சியில் பழுதடையும் என்று வைத்தியர்கள் எச்சரிப்பதால், கால் ஊன்றாமல் கையால் தாவும் பலகையைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குத் திறந்துவிடாதீர்கள். மெத்தைக்கு ஆகும் பணத்தை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை அடிச் சுவர் எழும்புமோ அத்தனை அடி மட்டும் கட்டுங்கள். வேலை முடிந்தவுடன் மேஸ்திரியை மறந்துவிடாமல், சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு நாள் கூலி கொடுத்து வரவழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் அவர் கையாலேயே முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.