முதல் பரிசும் முழங்காலும்

1974 டிசம்பரில் மான்செஸ்டருக்குப் போய், இங்கிலாந்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணியுடன் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும் கெவின் பீட்டி. போய்ச் சேரவில்லை. பத்திரிகைக்காரர்கள் தேடு தேடென்று தேடினார்கள். கடைசியில் ஆள் அகப்பட்டது ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே இருக்கும் சொந்த ஊரான கார்லைலில். மதுக்கடை ஒன்றில் அப்பாவோடு உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டில்தான் ஊரே மெச்சும் பரிசு ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் முதன்முறையாக வழங்கிய 'ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர்' பரிசு. அப்போது அவருக்கு வயது 20.

இந்தப் பரிசுக்கு மவுசு அதிகம். காரணம், ஓட்டுப் போடுபவர்கள் பத்திரிகையாளர்களோ பயிற்சியாளர்களோ அல்ல, சக ஆட்டக்காரர்கள். சனிக்கிழமை தோறும் மோதி, இடிபட்டு, பந்தைப் பறிகொடுத்தவர்களே 'இவன்தான்' என்று கை காட்டுகிறார்கள். பின்னாளில் இயன் ரஷ், ரயன் கிக்ஸ், வெய்ன் ரூனி என்று பெரிய பெயர்கள் பட்டியலில் ஏறின. முதல் பெயர் மட்டும் இன்றைய ரசிகர்கள் பலருக்குத் தெரியாது.

பீட்டி ஏழை வீட்டுப் பையன். 15 வயதில் லிவர்பூல் கிளப் தேர்வுக்கு அழைத்தது. ரயிலை விட்டு இறங்கியபோது அழைத்துப்போக யாரும் வந்திருக்கவில்லை. பையன் அடுத்த ரயிலில் வீடு திரும்பிவிட்டான். அந்த அலட்சியத்தில் லாபமடைந்தது இப்ஸ்விச் டவுன். அதன் மேலாளர் பாபி ராப்ஸன் இந்த முறை ஆளைத் தவறவிடவில்லை. 1972 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைட்டெட் மைதானத்திலேயே அறிமுக ஆட்டம், இப்ஸ்விச்சுக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும், எதிரணியில் ஆடிய பாபி சார்ல்டனிடம் போய் ஆட்டோகிராப் கேட்டாராம் பீட்டி.

தற்காப்பு ஆட்டக்காரர்தான். ஆனால் ஓட்டம், எம்பித் தலையால் முட்டும் உயரம், இடது காலின் பலம் மூன்றும் ஒரே உடம்பில். தான் பார்த்த இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் இவரே சிறந்தவர் என்று ராப்ஸன் பிற்பாடும் சொல்லிவந்தார். 1975ல் ஸ்காட்லாந்தை 5-1 என்று இங்கிலாந்து நொறுக்கியபோது தலையால் முட்டி ஒரு கோல் போட்டார்.

சிக்கலும் அந்த உடம்பில்தான். முழங்கால் வலித்தால் கார்டிசோன் ஊசி. வலி மரத்ததும் மைதானம். அன்றைய வழக்கம் அது. வீக்கத்தை அடக்கிய ஊசி, தேய்மானத்தை நிறுத்தவில்லை. அறுவைச் சிகிச்சைகள் தொடர்ந்தன. போதாததற்கு 1977ல் தோட்டத்தில் சருகு எரிக்கப்போய்த் தீக்காயம். தேசிய அணிக்கு ஆடியது மொத்தம் 9 ஆட்டங்கள். அதுவும் அந்த ஆண்டோடு சரி. 1978ல் ஆர்செனலை வென்று எஃப்.ஏ. கோப்பையை இப்ஸ்விச் தூக்கியபோது களத்தில் இருந்தார்.

1981 ஏப்ரலில் அதே கோப்பையின் அரையிறுதியில் கை முறிந்தது. இப்ஸ்விச்சுக்கு அதுவே கடைசி ஆட்டம். வயது 27. அடுத்த மாதம் கிளப் யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் இல்லாததால் இவருக்குப் பதக்கம் இல்லை. ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்து, 2008ல்தான் அது வந்துசேர்ந்தது. (1981ல் அதே இளைஞர் பரிசை வாங்கிய ஆஸ்டன் வில்லாவின் கேரி ஷாவையும் முழங்கால்தான் வீழ்த்தியது.)

பிற்காலம் பணக் கஷ்டத்தில் போனது. அன்றைய சம்பளம் இன்றைய கோடிகள் அல்ல. நோயுற்ற மனைவியைப் பல ஆண்டுகள் அவரே கவனித்துக்கொண்டார். 2018 செப்டம்பரில், 64 வயதில் இறந்தார்.

இப்ஸ்விச் மைதானத்துக்கு வெளியே முன்னாள் மேலாளர்கள் ஆல்ஃப் ராம்ஸிக்கும் ராப்ஸனுக்கும் சிலைகள் உண்டு. 2021ல் அங்கே பீட்டியும் வந்து நின்றார். செலவுக்குப் பணம் திரட்டியவர்கள் ரசிகர்கள்.